இரவுப் பனியில் கறுப்புக் கண்ணாடி

பகலில் இரண்டு நாள் பனிச்சறுக்குப் பழகிய தைரியத்தில், கனடாவிலிருக்கும் மைத்துனன் ராஜுவுடன் இரவிலும் சறுக்கப் போனேன். விளக்கொளியில் அந்தச் சரிவு, தசராவில் எங்கள் மைசூர் அரண்மனை போல ஜொலித்தது. போட்டோவில் ஹீரோவாகத் தெரிய, தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பாதிச் சரிவில், கம்பத்து வெளிச்சம் எட்டாத இடத்தில் உலகமே அணைந்துவிட்டது. பனி எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. இரவில் இறுகியிருந்த பனியில் வேகம் மட்டும் ஏறியது. நிற்கும் வித்தை மறந்தே போயிற்று.

"அத்தான், முன்னாடி மரம்! கீழ விழுந்துடுங்க!" என்று பின்னாலிருந்து ராஜு அலறினான்.

விழுவதில்தான் எனக்கு நல்ல பயிற்சியாயிற்றே! உடனே விழுந்தேன். கண்ணாடி தெறித்தது. மூக்குக்கு ஒரு முழம் தள்ளி மரம் நின்றது.

"இருட்டுல யாருக்கு அத்தான் இந்த ஸ்டைல்?" என்றான். கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

இப்போது ஊரில் சாமுண்டி மலையிலிருந்து ஸ்கூட்டரில் இறங்கும்போது, வெயில் சாய்ந்தாலே வண்டியை நிறுத்தி வெள்ளைக் கண்ணாடிக்கு மாறிவிடுகிறேன். இறங்கி நிற்கும் என் மனைவி, மாறும்வரை மறுபடி பின்னால் ஏறுவதில்லை.