போர்வை போர்த்திய போர்க்குதிரை

குதிரைப் போரைப் பற்றி எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் காலனியில் ஸ்ரீநிவாசராகவனை மிஞ்ச ஆள் கிடையாது. இத்தனைக்கும் மனுஷர் குதிரையைப் பார்த்ததே மெரினாவில்தான், அதுவும் எட்ட நின்று. ஏதோ ஒரு மத்திய அரசு ஆபீசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தார்.

எல்லாம் தொண்ணூற்று இரண்டில் பக்கத்து வீட்டுக் கிட்டு தன் அமெரிக்க மச்சினனிடமிருந்து வாங்கி வந்த விளையாட்டால் வந்தது. ஞாயிறுதோறும் ஸ்ரீநிவாசராகவன் வீட்டில் கிட்டு கதை சொல்வான். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக, இன்னது செய்கிறோம் என்று சொல்லி, இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுகிற எண்தான் தலையெழுத்து. நான் மந்திரவாதி. மெயின் ரோடு ஜங்ஷனில் டயர் கடை வைத்திருந்த ஜெயவேலு, சிங்க உடம்பும் கழுகுத் தலையுமான பறக்கும் மிருகத்தில் வருவான். ஸ்ரீநிவாசராகவன் கவசம் பூண்ட வீரர். அவர் மனைவி நாகலக்ஷ்மி வைத்தியச்சி. அவள் எங்கே போனாலும் நடைதான்.

தன் வீரனுக்கு வாகனம் பார்க்க அவர் பட்ட பாடு, பெண்ணுக்கு வரன் பார்க்கிறவன் பட மாட்டான். பறக்கும் மிருகம் தினம் ஒரு ஆடு தின்னும், கட்டுப்படியாகாது. ஒட்டக நாற்றத்துக்கு வழியில் வரும் குதிரையெல்லாம் மிரளும். யானை திரும்ப ஒரு கிரவுண்டு நிலம் வேண்டும். கடைசியில் ஒரு கறுப்புப் போர்க்குதிரை தேறியது. பிறகு எங்களுக்கு வாராவாரம் பாடம்தான். தூரத்திலிருந்து நேராக ஓடிவந்து ஈட்டியால் குத்தினால் அடி இரட்டிப்பு. குத்திய இடத்தில் நிற்காமல் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். ஓடிப் பழகாத குதிரை களத்தில் காலை வாரிவிடும்.

பாடமெல்லாம் சரி, குதிரைதான் லாயத்தை விட்டு வெளியே வந்தபாடில்லை. குகை என்றால் தலை இடிக்கும், காடு என்றால் முள் கீறும், மழை என்றால் சேணம் பாழாகும்.

"இன்னா சார், குதிரைய லாயத்துலயே கட்டி வச்சிகினு யார சார் குத்தப் போறீங்க?" என்பான் ஜெயவேலு.

எனக்கு அதில் ஆச்சரியமில்லை. அவர் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. வருஷக்கணக்கில் புக் பண்ணிக் காத்திருந்து வந்த வண்டி. அதற்கு ஒரு கவர், கவருக்கு மேல் ஒரு போர்வை. நாகலக்ஷ்மிக்கு முழங்கால் வலி. குரோம்பேட்டையில் டீச்சர் வேலை. "ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு விடுங்கோளேன்" என்று அவள் கேட்காத நாளில்லை. இன்றைக்கு மணல், நாளைக்குத் தூறல், மறுநாள் லாரி என்று இவரிடம் பதில் தயாராக இருக்கும். அவள் காலை இழுத்துக்கொண்டு ஜங்ஷனுக்கு நடந்து, பஸ்ஸில் தொங்கி, தாம்பரத்தில் ரயில் பிடிப்பாள். 

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிட்டுவின் கதையில் பெரிய பொட்டல்வெளி வந்தது. ஒரு ராட்சதன் வைத்தியச்சியைத் தனியாக மடக்கிவிட்டான். ஜெயவேலுவின் மிருகம் இறக்கை முறிந்து கிடந்தது, என் மந்திரமும் தீர்ந்துவிட்டது. முள் இல்லை, குகை இல்லை, குதிரை பாய்வதற்கென்றே செய்த இடம்.

"சார், ஏறிப் பாய்ஞ்சா ஒரே மூச்சுல போயிடலாம். குதிரை எங்கே?" என்றான் கிட்டு.

ஸ்ரீநிவாசராகவன் மனைவியைப் பார்க்காமல் பதில் சொன்னார். "சத்திரத்து லாயத்துல. நீதானே மேகம் கறுத்திருக்குன்னே..."

கவசத்தோடு ஓடினார். பாதி தூரம் போவதற்குள் பகடை உருண்டு வைத்தியச்சி செத்துப் போனாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

நாகலக்ஷ்மி கோபப்படவில்லை. "பரவாயில்லை. அவர் வருவார்னு நான் எதிர்பார்க்கலை" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் காபி கலக்கப் போனாள். அவள் கத்தியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

மறுநாள் காலையில் காலனியே வேடிக்கை பார்த்தது. ஸ்ரீநிவாசராகவன் ஸ்கூட்டரின் போர்வையை உருவி, கவரை உருவி, "ஏறிக்கோ" என்றார். உதைத்தார். சாய்த்து உதைத்தார். வேட்டி அவிழும்வரை உதைத்தார். வருஷக்கணக்கில் ஓடாத வண்டி கனைக்கக்கூட இல்லை. நாகலக்ஷ்மி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே அவள் பின்னால் ஜங்ஷன் வரை போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு அவளுக்குப் புதுப் பாத்திரம். வாகனம் வேண்டுமா என்று கிட்டு கேட்டான்.

"கழுதை போதும். தினம் வெளியில வரும்."

கழுதைக்கு எதிராக ஸ்ரீநிவாசராகவனிடம் ஒரு மணி நேரப் பிரசங்கமே உண்டு. அன்று அவர் பகடையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டு பக்கம் திரும்பினார்.  மெல்ல, "கிட்டு, கழுதையில ரெண்டு பேர் போகலாமா?" என்றார்.

நாகலக்ஷ்மி கிட்டுவைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"அது மேல போர்வை போர்த்த மாட்டேன்னு முதல்ல அவரைச் சொல்லச் சொல்லுங்கோ."