என் பக்கம் சாட்சி சொன்ன மாமியார்

விசாரணைக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்று வக்கீல் குமாஸ்தா வந்து சொன்னபோது, கையில் ஒட்டிய மாவோடு ராயபுரம் தெருவுக்கே ஓடிவந்துவிட்டேன். அதுவரை வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுத்தடித்தார் என் புருஷன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எர்ணாவூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டு, எங்கள் மகளையும் தூக்கிப் போயிருந்தார். பெண்ணே கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து கேட்கலாம் என்பது அப்போது புதுசு. எனக்கு அதுவும் வேண்டும், குழந்தையும் வேண்டும்.

மறுநாளே டிராம் ஏறிப் பாரிமுனைக்குப் போனேன். வக்கீல் கேட்டார்: "அந்தக் குடித்தனத்தை நேரில் பார்த்தவர் யாராவது சாட்சிக்கு வருவார்களா?"

அண்ணனும் நானும் எர்ணாவூரில் வீடு வீடாகக் கேட்டோம். எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த வாரக் கடைசியில், காத்திவாக்கத்தில் இறால் விற்கும் என் மாமியார் கூடையோடு வாசலில் வந்து நின்றார்.

"நா வரேன் ம்மே. அவன் வூட்டுக்குப் போய்ப் பாத்தேன். கொயந்த உன்னைக் கேட்டு அய்துகினே கீது. நா சொன்னா ஜட்ஜி கேப்பாரா?"

"கேப்பாரு அத்தை," என்றேன். கூடையை வாங்கி உள்ளே வைத்தேன்.

அவரை வக்கீலிடம் கூட்டிப்போனேன். எதிர்த்தரப்பு வக்கீல் போல எங்கள் வக்கீலே அத்தையைக் கேட்டுப் பார்த்தார்: "மகனோடு உங்களுக்குச் சண்டையா?"

"அவன் பொறந்ததுலேர்ந்து சண்டதான் சாமி."

வக்கீல் சிரித்துவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலறைதான் கோர்ட். தோளில் கறுப்புப் புடவையைப் போர்த்திக்கொண்டு நான் மிரட்டுவேன். அத்தை இறால் உரித்துக்கொண்டே பதில் சொல்வார். பல மாதங்களுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். விசாரணைக்கு முந்தின நாள் பசியே எடுக்கவில்லை. உடுத்தப் போகும் புடவையை மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்தேன்.

கூண்டில் அத்தையைப் பார்த்ததும் என் புருஷன் முகம் வெளுத்தது. அவருடைய வக்கீல் எழுந்து, "பெற்ற மகனைப் பற்றிப் பொய் சொல்ல யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார்.

இதை நாங்கள் பழகியிருக்கவில்லை. அத்தை வக்கீலை விட்டுவிட்டு மகனைப் பார்த்தார். "நீயே சொல்லு நைனா. நா பொய் சொல்றனா?"

என் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். நீதிபதி, தன்னைப் பார்த்துப் பதில் சொல்லும்படி அத்தையிடம் மெதுவாகச் சொன்னார். அத்தை அவர் பக்கம் திரும்பி, "அந்தப் பொம்பளையோட அவன் குடித்தனம் பண்றத என் கண்ணால பாத்தேன் சாமி," என்றார்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. குழந்தையையும் என்னிடம் விடச் சொன்னார்கள். எர்ணாவூருக்குப் போய் அவளை அழைத்து வந்தது அத்தைதான். என்னைப் பார்த்ததும் மகள் ஓடிவரவில்லை. பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் என்னையே பார்த்தாள். பிறகு, "பசிக்குது," என்றாள்.