அருங்காட்சியகச் சுவரில் என் படம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ராஜபாளையத்து அரசுப் பள்ளி ஒன்றிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு அறக்கட்டளை, பழைய வீடு ஒன்றில் சின்ன அருங்காட்சியகம் நடத்துகிறது. வெள்ளம், தீ விபத்து, தொற்றுநோய் என்று வந்தபோது நம் பக்கத்து ஆட்கள் எப்படி உதவினார்கள் என்பதைக் காட்டும் இடம். பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மை வரவேண்டும் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தச் சுவரில் என் படமும் தொங்குகிறது. அதைப் பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்ற ஆசைதான் முதல் காரணம்.

என்னை அறியாதவர்களுக்கு: பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஒரு சேவைச் சங்கத்தில் உறுப்பினர். அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் விழுகிறதா, எந்தக் கடையில் சால்னா நன்றாக இருக்கிறது என்றெல்லாம் இங்கே எழுதுவேன். இந்தப் பதிவில் அந்தக் கலகலப்பு இருக்காது. எழுதாமலே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

காலை 9.20க்குப் பள்ளி வாசலில் வேன் ஏறினோம். வாடகை காத்திருப்பும் சேர்த்து 2,500 ரூபாய். மதுரை ரோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், அரை மணி நேரம் போதும். ஓட்டுநர் முருகேசன் எனக்குப் பல வருடப் பழக்கம், வாய் சும்மா இருக்காது.

"ஏன் அண்ணாச்சி, உங்க போட்டோவப் பாக்கவா இம்புட்டுப் பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போறீக?"

"பேசாம ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

9.55க்குத் தேரடியில் இறங்கினோம். அங்கிருந்து ஆறு நிமிட நடை. நுழைவுக் கட்டணம் கிடையாது. முன் அறையில் பழைய ஸ்டிரெச்சர், மரத்தாலான முதலுதவிப் பெட்டி, ரத்தம் சேகரித்த கண்ணாடிப் பாட்டில்கள், ஊரடங்கு நேரத்தில் ஆஸ்பத்திரியில் போட்ட முழு அங்கி. பொறுப்பிலிருக்கும் அம்மா ஒவ்வொன்றையும் நிதானமாகச் சொன்னார். ஒரு கண்ணாடிப் பெட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணிச் சுருள் இருந்தது. அதன் முன்னால் ஒரு பெண் நின்றுவிட்டாள். கார்த்திகா என்று வைத்துக்கொள்வோம், பெயரை மாற்றியிருக்கிறேன்.

"சார், இது எங்கம்மா ஓட்டுற தறியில வர்ற துணி. சத்திரப்பட்டியில."

நான் என்ன செய்திருக்கவேண்டும்? எல்லோரையும் நிறுத்தி, அவளைப் பேசச் சொல்லியிருக்கவேண்டும். "சரிம்மா, சரிம்மா, நகரு. உள்ளே முக்கியமான படம் இருக்கு" என்றேன்.

உள் அறைச் சுவரில் என் படம். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, நானே கொண்டுவந்து கொடுத்தது. ஊரடங்கு தொடங்கி, தறிகள் நின்றுபோன வாரங்களில் சங்கத்தின் சார்பில் அரிசி கொடுத்தபோது எடுத்தது. நானும் ஒரு பெண்ணும் ஒரு அரிசி மூட்டையின் மேல் கை வைத்து கேமராவைப் பார்க்கிறோம். கீழே என் முழுப் பெயர், சங்கத்தில் என் பதவி, எல்லாம் உண்டு. நான் பத்து நிமிடம் பேசினேன். அந்த வெயில், போலீஸ் அனுமதி, நான் பட்ட அலைச்சல். கொடுத்தவனுக்குத்தான் கஷ்டம் என்பதுபோல ஒரு பேச்சு. பிறகு, ரொம்பக் கூச்சப்படுகிறாளே, பேச வைப்போம் என்று கார்த்திகாவைக் கூப்பிட்டு, படத்தின் கீழே இருப்பதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.

என் பெயரை வாசித்தாள். "நிவாரணம் வழங்குகிறார். பயனாளி ஒருவர் பெற்றுக்கொள்கிறார்" என்று முடித்தாள். குரல் தடுமாறவே இல்லை.

பின்னாலிருந்து ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "ஏட்டி, இது உங்கம்மால்லா?"

அப்போதாவது வாயை மூடினேனா? இல்லை. "அடடே, அப்படியா! அம்மாவைக் கேட்டதாச் சொல்லும்மா" என்றேன். இதை டைப் செய்யும்போதே உடம்பு கூசுகிறது.

ஒரு பையன், பாவம், விவரம் தெரியாமல் கேட்டான். "சார், நீங்க மாஸ்க் போட்டிருக்கீக. அவங்க ஏன் போடல?"

கார்த்திகா என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துத்தான் சொன்னாள். "போட்டுத்தான் இருந்தாக. முகம் தெரியணும், இறக்குங்கன்னு சார்தான் சொன்னாக. சரியா வரலன்னு மூணு தடவ எடுத்தாக."

படத்தின் ஓரத்தில் அந்த அம்மாவின் சேலையைப் பிடித்தபடி பாதி முகத்தோடு ஒரு குழந்தை நிற்கிறது. இத்தனை வருடம் என் கண்ணில் அது படவே இல்லை. அப்போது மூன்றாம் வகுப்பு படித்தவள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். கூட வந்திருந்த டீச்சர் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனார்.

12.10க்குக் கடையில் ஆளுக்கொரு பால்கோவா டப்பா வாங்கினேன். ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்தேன். கார்த்திகாவிடம் நீட்டியபோது முருகேசன் பழக்கதோஷத்தில் படம் எடுக்கப் போனைத் தூக்கிவிட்டான். அவள் டப்பாவை வாங்கிக்கொண்டு ஓடவில்லை. நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, போனைப் பார்த்து, அசையாமல் நின்றாள். எப்படி நிற்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான்தான் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

"போனை உள்ளே வைடா" என்று கத்தினேன். முருகேசன் பயந்துபோனான். அவன்மேல் என்ன தப்பு?

திங்கட்கிழமை திரும்பப் போய், பொறுப்பிலிருக்கும் அம்மாவிடம் எழுதிக் கொடுத்துப் படத்தைக் கழற்றி வாங்கினேன். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு சத்திரப்பட்டிக்குப் போனேன். ராஜபாளையத்திலிருந்து என் பைக் மீட்டரில் ஒன்பது கிலோமீட்டர். தெருவெல்லாம் தறிச் சத்தம். கார்த்திகாவின் அம்மா தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். மன்னிப்புக் கேட்டேன். கோர்வையாக வரவில்லை.

"அரிசி நல்ல அரிசிதான் அண்ணாச்சி. பத்து நாள் சாப்பிட்டோம், இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா கூடப் படிக்கிற அம்புட்டுப் பிள்ளைக முன்னாடி, எம் மக வாயாலயே அத வாசிக்க வச்சிட்டீகளே. அன்னைக்கு அவ சோறு திங்கல. எம் பேரு என்னன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. மகள் பெயர் தெரியும், பள்ளிப் பட்டியலில் இருந்தது.

"சண்முகத்தாய்" என்றார்.

படத்தை உடைத்துப் போட்டுவிடுகிறேன் என்றேன். "என்னத்துக்கு? இங்க தாங்க. எம் மக அந்த வயசுல இருக்க போட்டோ எங்கிட்ட வேற இல்ல." சட்டத்தைப் பிரித்தார். உள்ளே போய்த் துணி வெட்டும் கத்தரியை எடுத்து வந்தார். மேலிருந்து கீழே, அவசரமே இல்லாமல் வெட்டினார். மூட்டையும் அவரும் மகளும் ஒரு பக்கம். நான் ஒரு பக்கம். மூட்டைமேல் இருந்த என் விரல்களை மட்டும் வெட்ட முடியவில்லை, அவை அவரோடு போய்விட்டன. "இந்தாங்க, உங்க பாதி" என்று கொடுத்துவிட்டுத் தறியை ஓட்டப் போய்விட்டார்.

இதை எழுதலாமா என்று பிறகு அம்மாவையும் மகளையும் கேட்டேன். "எழுதுங்க. எம் பேரை மட்டும் ஒழுங்கா எழுதுங்க" என்றார் அம்மா. தன் பெயர் வேண்டாம் என்றாள் மகள்.

பிள்ளைகளோடு போக நினைப்பவர்கள் தாராளமாகப் போங்கள், பார்க்கவேண்டிய இடம்தான். செவ்வாய் விடுமுறை, காலை பத்திலிருந்து ஒன்று, பிறகு இரண்டிலிருந்து ஐந்து. கழிப்பறை ஒன்றுதான், பெரிய கூட்டமாகப் போகாதீர்கள். இருபது பேருக்கு ஒன்றரை மணி நேரம் சரியாக இருக்கும். முதல் நாளே நீங்கள் மட்டும் ஒருமுறை போய், படங்களில் வாங்கிக்கொண்டு நிற்பவர்களைப் பாருங்கள். அவர்களில் யாருடைய பிள்ளையாவது உங்கள் வேனில் வரலாம். எந்தப் பொருளின் முன்னாலாவது ஒரு பிள்ளை நின்று பேச ஆரம்பித்தால், தயவுசெய்து நகரச் சொல்லாதீர்கள்.

என் பாதியைக் கடையில் கல்லாவுக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். கை மணிக்கட்டோடு நிற்கிறது, மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் சிரிக்கிறது. ஆணி வாங்க வந்த ஒருவர் நேற்றுக் கேட்டார், "யாரைப் பாத்து அண்ணாச்சி இப்படிச் சிரிக்கீக?"

"கேமராவை" என்றேன்.