ஒரு டின் உப்பில் பாதி

என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் திருடியிருக்கிறேன். அதுவும் உப்பு. ஜப்பான்காரன் ஆண்ட, உப்புக்கே பஞ்சமான காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் இருந்தவர்களைக் கேளுங்கள், பெரிய திருட்டுதான் என்பார்கள்.

எங்கள் வரிசையில் ஆறு வீடுகள், ஒரே கிணறு. அந்த மாதம் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. பக்கத்து வீட்டுக் குழந்தை போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்துப் படுத்தவன் என் தம்பி, இரண்டு வயது. மருந்து எங்கும் கிடைக்கவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, சண்டைக்கு முன் அரசாங்கத்தில் தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். அவருக்குக் கிணற்றின் மேல்தான் சந்தேகம். கண்ணாடி மாதிரித் தண்ணீரைக் குறை சொல்கிறாரே என்று வரிசையே சிரித்தது. பின்னால் புதிதாக வெட்டிய கக்கூஸ் குழியில் உப்பைக் கரைத்து ஊற்றலாம், அந்த உப்பு கிணற்றில் தென்பட்டால் குழி அழுக்கும் அங்கேதான் போகிறது என்றார். உப்புக்கு எங்கே போவது? அரிசிக்கு மாற்றலாம் என்று அம்மா ஒரு சிகரெட் டின் நிறைய வைத்திருந்தாள்.

“நாம உப்பில்லாம கெழங்கு திங்கிறோம், கக்கூஸுக்கு உப்பா? கிறுக்குப் புடிச்சிருச்சாடா உனக்கு?” என்றாள். மாமா போனதும் பாயில் கிடந்த என் தம்பியைப் பார்த்தாள். பிறகு மாமாவிடம் கொண்டுபோய்க் கொடு என்று டின்னை என் கையில் வைத்தாள்.

வழியிலேயே பாதியை இலையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். தம்பி சப்பென்ற கஞ்சியைத் துப்பிக்கொண்டே இருந்தான், அதற்காகத்தான். உப்புப் போட்டதும் மடக் மடக்கென்று குடித்தான்.

டின்னில் மிஞ்சியதை மாமா கரைத்துக் குழியில் ஊற்றினார். பிறகு தினமும் காலையில் ஒரு கிளாஸ் கிணற்றுத் தண்ணீரில், பழைய வேலையிலிருந்து வைத்திருந்த சோதனைத் திரவப் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விடுவார். உப்பு இருந்தால் வெளுக்குமாம். முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. ஊர் சிரிக்கச் சிரிக்க, நான் பாதியை எடுத்ததுதான் காரணமோ என்று நினைத்தேன். என்னால் சோதனை பொய்த்தால் எல்லோரும் அதே தண்ணீரைத்தானே குடிப்பார்கள்! நான்காம் நாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போய் அவர் முன்னால் நின்றேன். வாயைத் திறப்பதற்குள் கிளாஸ் பாலாய் வெளுத்தது. அப்பாடா! அழுதே விட்டேன்.

மாமா எல்லோரையும் கூப்பிட்டு, குச்சியால் மண்ணில் குழியையும் கிணற்றையும் வரைந்து, நடுவில் தண்ணீர் போகும் வழியைக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. அன்றே கிணற்றுக் கயிற்றை அவிழ்த்தார்கள். அடுத்த தெருவிலிருந்து தண்ணீர் சுமந்தோம். தம்பியும் எழுந்து உட்கார்ந்தான்.

அன்று மத்தியானம் தம்பியின் கஞ்சியில் மாமா ஒரு வாய் ருசி பார்த்தார். நான் அடுப்பை ஊதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“நல்லாதான் இருக்கு. வேளாவேளைக்கு இதையே குடு,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தப்பித்தோம் என்று இருந்தது. கிணற்றுக்குள் உப்பைக் கண்டுபிடித்த மனுஷனுக்குக் கஞ்சியில் இருப்பது தெரியவில்லையே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.