றெஜினா அக்காவும் எங்கள் கராஜ் ஃப்ரீசரும்

றெஜினா அக்கா காலமான செய்தி சனிக்கிழமை காலை தேவாலய வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அப்போது நான் துணி உலர்த்தும் இயந்திரத்தின் பொத்தானில் விரலை வைத்திருந்தேன். வெளியே நல்ல வெயில். செய்தியை வாசித்ததும் களவில் அகப்பட்டவன்போல் விரலை எடுத்துவிட்டேன். ஈரத் துணிகளைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக் கொடிக்குப் போய், அங்கே நின்றுதான் அழுதேன்.

அவரை அறிந்த உங்களுக்கு இது வியப்பாக இராது. மன்னாரிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, புக்கெகோஹி ஊரில் மரக்கறி பொதிசெய்யும் இடமொன்றில் குளிர் அறைகளுக்குப் பொறுப்பாகப் பல ஆண்டுகள் வேலை செய்தவர். ஓய்வுபெற்றபின் ஹில்ஸ்பரோ வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். அவரோ, எந்தச் சாமான் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்டும் சின்ன மீற்றர் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நம் வீடுகளுக்கு வரத் தொடங்கினார். தேநீர் கொடுத்தால், கேத்தலில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சிக் கிடக்கிறது என்று எட்டிப் பார்ப்பார். விருந்தாளியாக வந்து வீட்டுக்காரரை நடுங்கவைத்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

கிளென்ஃபீல்டில் எங்கள் வீட்டுக்கு அவர் முதலில் வந்தது ஒரு கடுங்குளிர் மாதத்தில். மகள் அபிக்கு அப்போது எட்டு வயது. நெஞ்சில் இழுப்பு. இருமி இருமியே பாதிப் பள்ளிக்கூட நாள்கள் போயிருந்தன. மின்கட்டணத்தைக் கண்டு பயந்த நான், குற்றவாளி ஹீற்றர்தான் என்று நானே தீர்ப்பும் சொல்லி, அவள் அறையில் அதை நிறுத்திவைத்திருந்தேன். மூன்று போர்வை, இரண்டு சோடிக் காலுறை, ஒரு கம்பளித் தொப்பி என்று பிள்ளை இமயமலை ஏறப்போகிறவள் மாதிரித்தான் படுக்கப் போவாள். போதாக்குறைக்கு ஈரத் துணிகளையும் அந்த அறையிலேயே காயப்போட்டிருந்தோம்.

அக்கா அந்த அறையை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். நேரே கராஜுக்குப் போனார். நம்மவர் வீடுகளில் கார் வெளியே நனையும், கராஜுக்குள் ஃப்ரீசர் சுகமாக இருக்கும். எங்களுடையது யாரோ பாவித்துக் கழித்தது. அது உறுமிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு காகிதத் துண்டை மூடியின் இடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுத்தார். அது சும்மா வழுக்கிக்கொண்டு வந்தது.

“மூடியின்ர ரப்பர் செத்துப்போச்சு. உள்ளுக்கு என்ன கிடக்கு, தம்பி?”

“மீன், அக்கா.”

“எப்பத்தைய மீன்?”

நான் கூரையைப் பார்த்தேன். என் மனைவி வதனிதான் காட்டிக்கொடுத்தாள். “அபி நடக்கப் பழகேக்க இவர் வாங்கினது, அக்கா.”

அக்கா மீற்றரைச் செருகினார். எண்ணைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “செத்த மீனுக்கு நாள் முழுக்கக் கறண்ட். உயிரோட இருக்கிற பிள்ளைக்குத் தொப்பி. நல்ல தகப்பன்!”

அன்றே ஃப்ரீசரின் இணைப்பைப் பிடுங்கினோம். தின்னக்கூடியதைத் தின்றோம், மற்றதைப் புதைத்தோம். துணிகள் வெளிக் கொடிக்குப் போயின. காலையில் பத்து நிமிடம் யன்னல் திறப்பது, பிறகு அபியின் அறையை ஒரே அளவான சூட்டில் வைத்திருப்பது என்று அக்கா சட்டம் போட்டார். “ஈரக் காத்தைச் சூடாக்கத்தான் கனக்கக் கறண்ட் போகும்” என்றார். ஹீற்றர் ஓடியும் அடுத்த கட்டணம் குறைந்தே வந்தது. எனக்கு அதைவிடப் பெரிய வெட்கம் வாழ்க்கையில் வந்ததில்லை.

எங்கள் சோறு அவிக்கும் மின்பானையும் தப்பவில்லை. காலையில் அவித்த சோறு இரவுவரை அதில் சூடாகக் கிடக்கும். “பின்னேரம் எல்லாரும் ஒண்டாச் சமைக்கினம். கறண்ட் எடுக்க அணையில தண்ணி காணாட்டி நிலக்கரிதான் எரிக்கிறது. உம்மட சோறு சூடாக் கிடக்க வேணுமெண்டு வானம் கறுக்க வேணுமோ?”

எனக்குக் கொஞ்சம் சூடு ஏறிவிட்டது. “அக்கா, பூமியைக் காப்பாத்திற வேலையை உங்களிட்டையே விட்டிட்டினமோ?” என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “பூமியும்தான். ஆனா இஞ்ச வந்த முதல் குளிருக்கு நானும் உம்மைப் போலத்தான் ஹீற்றரை நிப்பாட்டினன். எங்கட அவருக்கு நெஞ்சில சளி. பில் குறைஞ்சுது, தம்பி. மனுசன் போயிற்றார்.” சொல்லிவிட்டு, மின்பானையின் வயரைச் சுற்றிக் கட்டினார்.

அவருடைய அடக்கப் பூசைக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். மண்டபத்தில் ஹீற்றர்கள் எரிய, பக்கக் கதவு அகலத் திறந்து கிடந்தது. குருவானவர் செபத்தைத் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை, கண் முழுதும் கதவில். பொறுக்கமாட்டாமல் எழுந்தேன். அதே கணத்தில் வேறு வேறு வரிசைகளிலிருந்து இன்னும் ஐந்து பேர் எழுந்தார்கள். கறுப்பு உடுப்பில் ஆறு பேர் ஒரு கதவைச் சாத்தப் போனதைக் கண்டு குருவானவர் செபத்தை நிறுத்தினார். முதலில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்து, அப்படியே அழுதது.

கடைசிப் பாட்டை அபி தனியாகப் பாடினாள். பதினைந்து வயது இப்போது. அந்த நீளமான கடைசி அடியை இடையில் முறியாமல் ஒரே மூச்சில் பாடி முடித்தாள். அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த மூச்சு.