'சாப்பிட்டியா' என்று கேட்காத பெரியப்பா

பெரியப்பா மாரடைப்பில் போய்விட்ட செய்தி, உயிரியல் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் எனக்குக் கிடைத்தது. அழைத்துப்போக வந்த அப்பா, "போலாம் சாமி" என்று வண்டியைக் கிளப்பினார்.

உங்கள் கல்லூரியில் பெரியப்பா உடற்கல்வி ஆசிரியர். நடனத் துறை அக்காக்களே, உங்களோடு அவர் பட்ட பாடு எங்கள் வீட்டுக்கே தெரியும். கால் தசைக்கு வலு தரும் பயிற்சிக்குக் கூப்பிட்டால், "நாங்க ஆடறதே எக்சர்சைஸ்தானுங்க சார்" என்பீர்களாம். "தெனமும் ஓடுதுன்னு போர் போடற ரிக்கு லாரியைச் சர்வீசுக்கு உடாம இருப்பாங்களா?" என்று அவர் கேட்டால் சிரிப்பீர்களாம்.

சலங்கை பூஜையன்று நீங்கள் பட்டினி கிடப்பது அவருக்குப் பொறுக்காது. எருமப்பட்டிப் பண்ணை முட்டைகளை அவித்து எடுத்துக்கொண்டு கிளம்புவார். உங்களில் ஒருத்தியான என் அக்கா கவிதா, "சலங்கை கட்டிக்கிட்டு முட்டை திங்க முடியுங்களா பெரீப்பா?" என்றாள்.

"அப்பக் கட்டறதுக்கு முந்தியே தின்னுபோடு!"

"ஐயோ, வெயிட் போடுமுங்க."

முட்டையின் சத்துகளை நான் பாடப்புத்தகத்திலிருந்து படித்துக் காட்டினேன். இருவருமே என்னை அதட்டினார்கள்.

ஆண்டு விழா ஒத்திகையில் அக்கா மயங்கி விழுந்தாள். "சாப்ட்டேனுங்க" என்றே சாதித்தாள். பெரியப்பா மட்டும், "என்னத்தச் சாப்ட்ட?" என்றார். அப்போதுதான் உண்மை வந்தது: தேன் கலந்த எலுமிச்சைத் தண்ணீர்! அவள் ஒழுங்காகச் சாப்பிடும்வரை மேடையேற்ற வேண்டாம் என்று துறையில் சொல்லிவிட்டார். அக்கா அவரோடு பேசுவதையே நிறுத்தினாள்.

"சாப்ட்டியான்னு கேட்டா ஊரே ஆமாம்னுதான் சொல்லும்" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். எனக்கு இரண்டு பேர் மீதும் எரிச்சல். நாளைக்குப் பேசிக்கொள்வார்கள் என்றிருந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார்.

அவரை எடுத்த அன்று நீங்கள் எல்லோரும் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு வந்து நின்றீர்கள். ஒருத்தி வாசலிலேயே தள்ளாடி உட்கார்ந்துவிட்டாள். இதுவா அவருக்குச் செய்யும் மரியாதை என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

சாயங்காலம் வந்தவர்கள் எல்லாம் அக்காவிடம், "சாப்ட்டியா சாமி?" என்றார்கள். எல்லோருக்கும் "ஆச்சுங்க" என்றாள். பொறுக்கமுடியாமல் நான், "என்னத்தச் சாப்ட்ட?" என்றேன். முறைத்தாள். பிறகு, அவர் போனதிலிருந்து முதன்முறையாக, வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த சோற்றைப் பிசைந்தாள்.

இப்போது தினமும் சாப்பிடுகிறாள். விழாவில் ஆடவும் போகிறாள். பெரியப்பாவின் அந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொண்டேன். விழாவன்று ஒப்பனை அறை வாசலில் நிற்பேன். வெறும் 'ஆமாம்' என்று சொல்லி யாரும் என்னைத் தாண்டிப் போக முடியாது.