ஊதா நாடா

அத்தான் செத்து ஏழு மாதத்துக்குள் அக்கா மூன்று தடவை பெட்டி கட்டிவிட்டாள். "நான் கொலன்னாவைக்குப் போறன்" என்பாள். "போய்த் தனிய என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டுக் கேட்டு நான் பெட்டியை அவிழ்த்துவிடுவேன். அங்கே இருப்பது அவளும் அத்தானும் வாழ்ந்த வீடு. செத்தவீடு முடிந்த இரண்டாம் கிழமை, போன் எடுக்கிறாள் இல்லையே என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். வெறும் தேத்தண்ணியோடு மூன்று நாள், பிரஷர் குளிசையும் போடாமல், நிலத்தில் கிடந்தாள். பிள்ளைகுட்டியும் இல்லை. அவளை அத்தானின் சாமான்களோடு சேர்த்து அள்ளிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்கு வந்தேன். இனி விடுவதில்லை என்றுதான் இருந்தேன்.

மார்கழி நெருங்கியது. எங்கள் மாடித் தொடர் முழுக்க நட்சத்திரங்கள் தொங்கின. சாவு விழுந்த வீட்டில் ஆண்டு முடியும்வரை நட்சத்திரம் கிடையாது, பாலன் குடில் கிடையாது, பலகாரமும் சுடுவதில்லை. அதை மீற நானும் நினைக்கவில்லை. ஆனால் திருவருகைக்கால வளையம் கொண்டாட்டமில்லையே, அது செபம். பச்சை இலையில் ஒரு வட்டம், அதில் நாலு மெழுகுதிரி, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முந்திய நாலு ஞாயிறும் ஞாயிறுக்கு ஒன்றாகக் கொளுத்துவது. முதல் திரியைக் கொளுத்தினால் இரண்டாவதுக்கும் அக்கா நிற்பாள், நாலும் எரிந்தால் நத்தார் வந்துவிடும் என்று மனதுக்குள் கோட்டை கட்டினேன்.

கடை வளையத்தின் விலையைக் கேட்டதும் "வேணாம் அண்ணை" என்று திரும்பி வந்தேன். பழைய கம்பி ஹேங்கர் ஒன்றை வட்டமாக வளைத்துப் பேப்பர் சுற்றினேன். நத்தார் மரம் விற்பவன் வெட்டி எறிந்த சவுக்குக் கொப்புகளைச் சும்மா தந்தான். கரண்ட் வெட்டிய காலத்து மெழுகுதிரிகள் மேசை லாச்சிக்குள் கிடந்தன. நாலும் வெள்ளை. முறைப்படி மூன்றின் அடியில் ஊதாத் தாளும் ஒன்றில் ரோஸ் தாளும் ஒட்டி, ஜாம் போத்தல் மூடிகளில் நிறுத்தினேன். கொப்புகளைக் கட்டத்தான் நாடா இல்லை.

அலுமாரிக்கு மேலே அக்காவின் பையொன்று இருந்தது. அதற்குள் என்ன என்று தெரியாமல் எடுத்தேன் என்று சொன்னால் அது பொய். அத்தானுக்கு வந்த மலர்வளையங்களின் நாடாக்களை, பூக்களைக் குழிமேட்டில் விட்டுவிட்டு, அக்கா ஒவ்வொன்றாக அவிழ்த்து வந்து சுருட்டி வைத்திருந்தாள். ஊதா சாட்டின், ஒரு பக்கம் பொன்னெழுத்து. மறுபக்கம் அப்பழுக்கில்லை. நல்ல துணி வீணாகக் கிடக்கிறதே என்று என் கை பரபரத்தது. ஒன்றே ஒன்று, அதுவும் எழுத்து உள்ளே போகிற மாதிரி. துண்டு துண்டாக வெட்டிக் கட்டி, மிச்சத்தில் ஒரு பூ முடிச்சும் போட்டேன். ஊசி போன இடம் பார்ப்பவள் உலக்கை போன இடம் பாராள் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

ஞாயிறு பின்னேரம் வளையத்தை மேசையில் வைத்தேன். அக்கா தானாகவே வந்து உட்கார்ந்தாள். திரியைக் கொளுத்தியதும் அவள்தான். எனக்குச் சந்தோஷத்தில் செபம் தடுமாறியது. "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா கையை நீட்டி முடிச்சின் நுனியைப் புரட்டினாள். 'கண்ணீர் அஞ்' என்று இருந்தது. செபத்தை நிறுத்தாமல் கடைசிவரை சொன்னாள். பிறகு திரியை ஊதினாள்.

"எத்தனை வெட்டினனி?"

"ஒண்டுதான் அக்கா. அத்தானோட ஹார்பரில வேலை செய்த ஆக்கள் வச்சது. தெரியாதெண்டு நினைச்சன். என்னை மன்னியுங்கோ."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வளையத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள்.

அடுத்த நாள் லீவு போட்டேன். காலையில் அக்கா துண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, இலை ஒட்டியதைத் துடைத்து, எழுத்து வரிசையில் அடுக்கினாள். நூலும் ஊசியும் கேட்டாள். அவளுக்குக் கண் சரியாகத் தெரியாததால் நான் கோர்த்துக் கொடுக்க, மத்தியானம்வரை இருந்து தைத்தாள். கோணல்மாணலாக முழு நாடா திரும்பி வந்தது. நான் வெட்கத்தில் குமைந்துபோய் முன்னால் இருந்தேன். தைத்து முடித்து, சோறு போட்டு ஒழுங்காகச் சாப்பிட்டாள், குளிசையும் போட்டாள். பிறகு பெட்டியை எடுத்து வந்தாள்.

"போகாதேங்கோ அக்கா. கோவமெண்டா ரெண்டு அடி போடுங்கோ. அங்க போனா நீங்கள் சாப்பிட மாட்டியள்."

"சாப்பிடுவன். நீ பின்னேரத்தில போன் எடு, என்ன சமைச்சனான் எண்டு சொல்லுறன்." செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "உன்னில கோவமில்லையடி. நீ நல்லதுக்குத்தான் செய்யிறாய். ஆனா அவரின்ர குடை உன்னோட கந்தோருக்கு வேலைக்குப் போகுது. அவர் கட்டின சாரம் உன்ர குசினி யன்னலுக்குத் திரைச்சீலை. இப்ப ஊசி நூல் எடுத்தியே ஒரு பெட்டி, அது அவரின்ர சாப்பாட்டுப் பெட்டி. உன்ர வீட்டில எல்லாம் ஏதோ ஒண்டுக்கு உதவுது. எனக்கு அவரின்ர சாமான் ஒண்டுக்கும் உதவாமல் சும்மா கிடக்க ஒரு இடம் வேணும்."

பஸ் நிறுத்தம்வரை பெட்டியை நான்தான் தூக்கினேன். ஏறும்போது குடையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.